தேடி வந்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள்

முன்பின் தெரியாத ஒருவரைச் சொந்தக்காரராக்க என் மாமனாருக்கு மூன்று நிமிடம் போதும். கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன். "எந்த ஊருங்க?" என்று ஆரம்பிப்பார். ஊரைச் சொன்னால் ஊரில் எந்தப் பக்கம் என்பார். பக்கத்தைச் சொன்னால் பெண் எடுத்தது எங்கே, குலதெய்வம் எங்கே, அக்கா தங்கையைக் கொடுத்தது எங்கே என்று ஒவ்வொரு படியாக இறங்குவார். ஏதாவது ஒரு படியில் எதிராளி மாட்டிக்கொள்வார். "அப்ப நீங்க எனக்கு மச்சான் முறை ஆகோணுமுங்க" என்று இவர் முடிக்கும்போது, தார்ப்பாய் விலை கேட்கக் கூப்பிட்ட மனிதர் தன் மகள் ஜாதகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

இந்தத் திறமையால் மூன்று மாதம் என் உயிர் போனது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் கடை சங்ககிரியில், நெடுஞ்சாலையை ஒட்டி. லாரிக்குப் போடுகிற தார்ப்பாயும் கட்டுகிற கயிறும் விற்கிறோம். பின்பக்கக் கொட்டகையில் என் கணவர் தார்ப்பாயை அளந்து வெட்டி ஓரம் அடிப்பார். தையல் மெஷின் சத்தத்தில் அவருக்குப் பாதி பேச்சு கேட்காது. மீதிப் பாதியைக் கேட்காத மாதிரி இருப்பார். முன்னால் மேஜையில் மாமனார். கடைப் போனை அவரைத் தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது. அதில் மட்டும் அவருக்கு விட்டுக்கொடுக்கும் குணம் கிடையாது.

நான் திருச்செங்கோடு பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். காலை ஆறேகாலுக்குப் பஸ். திரும்பி வரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். நடுவில் கல்லூரிச் சேர்க்கைக்குப் பையன்களைப் பிடித்துத் தர வேண்டும் என்று வேறு எங்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று அவர் மகனை எங்கள் கல்லூரியில் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, இதற்குப் பேசாமல் நம் கடைத் தார்ப்பாயையாவது விற்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது. பொங்கல் வரை சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பொங்கல் கழித்து வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்றார்கள்.

கடைக்கு ஒரு வெப்சைட் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் என் கொழுந்தன் கோயம்புத்தூரில் படித்து முடித்த உற்சாகத்தில் செய்தது. அதில் மாமனார் போட்டோவும், 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்ற ஒரு வரியும் தவிர வேறு எதுவும் இல்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன், தேடுகிறவர்கள் நம்மிடம் வரும்படி நல்ல நல்ல பக்கங்களாக எழுதுகிறேன், கடையிலேயே இருந்துவிடுகிறேன் என்று மாமனாரிடம் கேட்டேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த கொழுந்தனுக்கு எங்கிருந்து வீம்பு வந்ததோ, "நீங்க எழுதி அது மேல வர்றதுக்கு ஒரு வருசம் ஆகுமுங்க அண்ணி. நான் காசு குடுத்து விளம்பரம் போட்டா நாளைக்கே மொத ஆளா வந்துருவோம்" என்றான்.

மாமனாருக்கு வித்தியாசம் புரியவில்லை. நான் அவர் போனை வாங்கி 'லாரி தார்ப்பாய்' என்று தேடிக் காட்டினேன். மேலே இருக்கிறதெல்லாம் காசு கொடுத்து வந்தவை. கீழே இருக்கிறவை சும்மா, எழுதியிருக்கிற சரக்கைப் பார்த்துத் தானாக வந்தவை என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை அவர். மலைக்கோயிலில் சிறப்பு தரிசனமும் தர்ம தரிசனமும் இருக்கிற மாதிரி என்றார். இரண்டு செமஸ்டர் பாடம் நடத்தினாலும் எனக்கு இப்படிச் சொல்லத் தெரிந்திருக்காது. அதோடு நிற்காமல், எந்த வரிசையில் போனால் வேண்டுதல் பலிக்கிறது என்பதுதானே முக்கியம் என்று கேட்டார். உலகத்தில் இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வி அது.

பிறகு தீர்ப்பு சொன்னார். "பொங்கல் வரைக்கும் பாப்பம் சாமி. நமக்கு ஆருன்னே தெரியாத ஆளு ஒருத்தராச்சும் உன்ற எழுத்தப் பாத்துப்போட்டு வந்து வாங்கோணும். வாங்கீட்டா நீ இங்கயே இரு. இல்லீனா பேசாம காலேஜுக்குப் போயிரு." கொழுந்தனின் விளம்பரத்துக்கும் இதே விதி. அவன் தோற்றால் வெப்சைட் வேலையிலிருந்து அவனுக்கு விடுதலை, அவ்வளவுதான். எனக்கு ஆறேகால் பஸ்.

எந்த வழியில் ஆள் வந்தது என்று தெரிய, கொழுந்தன் இரண்டு புது நம்பர் வாங்கினான். விளம்பரத்தில் ஒரு நம்பர், அதற்கு ஒரு கறுப்புப் போன். என் பக்கங்களில் இன்னொரு நம்பர், அதற்குச் சிவப்பு உறை போட்ட போன். இரண்டும் மாமனாரின் மேஜையில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தன. சுவரில் தேதிக் காலண்டர். வெளியாள் வாங்கினால் அந்தத் தேதியில் அவனுக்குக் கறுப்பில் ஒரு கோடு, எனக்குச் சிவப்பில் ஒரு கோடு. மூன்று மாதமும் அந்தக் காலண்டர் ஒரு கோடும் விழாமலே கிடந்தது.

முதல் வாரமே எனக்குத் திட்டு விழுந்தது. தேடுகிறவர்களுக்கு எது தேவையோ அதை எழுதினால்தான் பக்கம் மேலே வரும் என்பதால், ஓட்டை விழுந்த தார்ப்பாயை ஒட்டுவது எப்படி என்று ஒரு பக்கம் எழுதினேன். மாமனார் கடையில் டிரைவர்களுக்குச் சொல்வதைத்தான் கேட்டு எழுதினேன். ஒட்டுத் துண்டைச் சதுரமாக வெட்டக் கூடாது, மூலை பிய்ந்துகொள்ளும், வட்டமாக வெட்ட வேண்டும். ஒட்டியதை வெயிலில் காய வைக்கக் கூடாது, நிழலில்தான் போட வேண்டும். இப்படி ஒன்றுவிடாமல் எழுதி, கணவரின் கையைப் போட்டோ பிடித்துப் போட்டு, கீழே என் பெயரையும் போட்டேன். தானாக வருகிறவர்களின் கூட்டம் அந்தப் பக்கத்துக்குத்தான் வந்தது. மதுரை, தேனி, விழுப்புரம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து, நிதானமாகப் படித்து, கிழிசலை ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். ஒருவரும் புதிதாக ஒரு முழம் வாங்கவில்லை.

மாமனார் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தார். வாசித்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பி, என் கணவரிடம், தார்ப்பாய்க் கடையில் உட்கார்ந்துகொண்டே தார்ப்பாய் வாங்க வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற மருமகளை வேறு எங்காவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். என் கணவர் மெஷினை இன்னும் வேகமாக ஓட்டினார்.

அடுத்தது உப்பு ஏற்றுகிற லாரிக்கு இரும்பு வளையம் வைத்த தார்ப்பாய் ஆகாது, துருப்பிடித்துத் துணியையும் தின்றுவிடும், பித்தளை வளையம்தான் வேண்டும் என்று எழுதினேன். எங்கள் கடையில் அப்போது இருந்ததெல்லாம் இரும்பு வளையம். அதற்கும் திட்டு. எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் மாமனாரோடு சரியாகப் பேசவில்லை. அவர் கவனிக்கவில்லை. அதற்கும் சேர்த்து மூன்றாவது நாளும் பேசவில்லை.

ஆனால் என் கொழுந்தன் பட்ட பாட்டைப் பார்த்தபோது என் கோபமெல்லாம் ஆறிப்போனது. அவன் விளம்பரம் ஒரு நல்ல நாள் பார்த்துத் தொடங்கியது. அந்தச் சந்தோஷத்தை என் மாமியார் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். எங்கள் சின்னவன் விளம்பரம் போட்டிருக்கிறான், எல்லோரும் தேடிப் பார்த்து, மேலே வருகிற நம் கடைப் பெயரை ஒரு அமுக்கு அமுக்கி வாழ்த்த வேண்டும் என்று.

எங்கள் பக்கம் ஒருவர் விசேஷத்துக்குப் போகாமல் இருப்பது சாதாரணக் குற்றம் இல்லை. பத்து வருடம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள். ஆகவே மொத்தச் சனமும் திரண்டு வந்து அமுக்கியது. குமாரபாளையத்துப் பெரியப்பா காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மருந்து மாதிரி அமுக்கினார். ராசிபுரத்துச் சித்தி தன் போனில், மகன் போனில், பக்கத்து வீட்டு அம்மா போனில் என்று மூன்று தடவை அமுக்கி, வந்ததற்குச் சாட்சியாக மூன்றையும் படம் பிடித்து அனுப்பினாள். முதல் நாள் வர முடியாதவர்கள் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார்கள். ஒரு மாமா, பழனிக்குப் போயிருந்ததால் அமுக்க முடியாமல் போனது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வந்ததும் இரண்டாக அமுக்கிவிடுகிறேன் என்றார்.

ஒவ்வொரு அமுக்குக்கும் காசு போகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கொழுந்தன் வைத்திருந்த பணம் இட்லி வேகுவதற்குள் தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு நிஜமாகவே தார்ப்பாய் தேடுகிறவனுக்கு விளம்பரம் தெரியாது. அமுக்காதீர்கள் என்று சொல்லிவிடலாமே என்றேன். அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். கல்யாணத்துக்கு வந்தவர்களைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடச் சொல்கிறீர்களா என்றான். அதுவும் நியாயம்தான்.

கடைசியில் அவன் ஒரு தந்திரம் செய்தான். சேலம், நாமக்கல், ஈரோடு மூன்று மாவட்டங்களுக்கும் விளம்பரம் தெரியாதபடி அடைத்துவிட்டான். இரண்டாம் நாள் பெரியப்பாவிடமிருந்து மாமனாருக்குப் போன் வந்தது. ஊரெல்லாம் தெரிகிற விளம்பரம் எங்களுக்கு மட்டும் தெரியவில்லை, நாங்கள் என்ன தப்புப் பண்ணினோம், சொல்லிவிட்டு ஒதுக்கியிருக்கலாமே என்று அவர் தழுதழுத்தாராம். மாமியாரும் கொழுந்தனும் ஒரு தட்டு நிறையப் பழத்தோடு குமாரபாளையம் போய்ச் சமாதானம் பண்ணிவிட்டு வந்தார்கள். அந்த நாள் முழுவதும் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். எதிரியின் தோல்வி அவ்வளவு இனிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

என் சிரிப்பு நீடிக்கவில்லை. சொந்தக்காரர்கள் விலகியதும் கறுப்புப் போன் அடிக்க ஆரம்பித்தது. அடி என்றால் அப்படி ஒரு அடி. விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்களுக்குப் பொறுமையே கிடையாது. "முப்பதுக்கு இருபத்திநாலு என்ன ரேட்?" என்று அடிக்கணக்கை மட்டும் சொல்லிக் கேட்பார்கள். அவர்கள் கையில் இன்னும் நான்கு கடை நம்பர் இருக்கும். நம் கடைப் பெயர்கூட அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. சிவப்புப் போன் எப்போதாவது அடிக்கும். அதில் வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் கால் மணி நேரம் தங்கள் லாரியின் கதையைச் சொல்வார்கள். கறுப்பில் பத்துப் பேர் வந்தால் ஒருவர் வாங்குவார். சிவப்பில் மூன்று பேர் வந்தால் ஒருவர் வாங்குவார். இவ்வளவும் உண்மை. ஆனாலும் காலண்டரில் கோடு விழவில்லை.

காரணம் மாமனார். இரண்டு போனையும் அவர்தானே எடுத்தார்.

கறுப்பில் முதலில் வாங்கியவர் திண்டுக்கல்காரர். கொழுந்தன் பேனாவை எடுத்துக்கொண்டு காலண்டரிடம் போனான். மாமனார் தடுத்தார். அந்த ஆளின் தங்கையைக் கொடுத்திருப்பது வெள்ளக்கோயிலில். அந்த வீட்டுக்குப் பின்வீடு எங்கள் பாட்டன் வழிப் பங்காளி. சிவப்பில் முதலில் வாங்கியவர் ஓசூர்க்காரர். நான் பேனாவோடு போனேன். அவருடைய அம்மாவுக்குப் பிறந்த ஊர் பரமத்தி. "பரமத்தின்னா நம்ம ஊடு மாதிரி" என்று முடித்துவிட்டார். சொந்தமானதும் விலையில் நூறு இருநூறு குறைத்ததோடு, வரும்போது வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லி அழைப்பும் போனது. ஓசூர்க்காரர் நிஜமாகவே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். நல்ல மனுஷன். அவரை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

நானும் கொழுந்தனும் முதல் தடவையாக ஒரே கட்சியானோம். இரண்டு பேரும் போய் முறையிட்டோம். அவர்கள் தேடித்தானே வந்தார்கள், வந்த பிறகுதானே நீங்கள் சொந்தத்தைக் கண்டுபிடித்தீர்கள் என்றோம். மாமனார் அசையவில்லை. "நம்ம சனம் எப்படியிருந்தாலும் நம்மகிட்டத்தான் வந்திருக்கும் கண்ணு. ஒரு கல்யாணங்காச்சீல பாத்திருப்போம், பேசியிருப்போம், வந்திருக்கும். அதுக்கெதுக்குக் கம்ப்யூட்டரு?" என்றார். கடுப்பாக இருந்தது. ஆனால் யோசித்தால் அது லேசான கேள்வி இல்லை. எப்படியும் வரக்கூடியவனுக்கு விளம்பரம் காட்டிவிட்டு, விளம்பரத்தால்தான் வந்தான் என்று மார்தட்டுகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். எங்கள் வீட்டிலேயே ஒருவன் இருந்தான். எங்கள் கடைப் பெயரையே தேடி வந்தவர்கள், சும்மா வந்த என் பக்கத்துக்கு மேலே இருந்த அவன் விளம்பரத்தை அமுக்கி வந்தால் அவர்களைத் தன் ஆட்கள் என்பான். பெயரைத் தெரிந்துகொண்டு தேடியவன் எப்படியடா உன் ஆள் என்று நான் கேட்க, இரவுச் சாப்பாட்டில் ஒரு நாள் ரசம் ஆறிப்போகும்வரை சண்டை போட்டோம். முறையிடப் போன கூட்டணி அத்தோடு உடைந்தது.

பிறகு நான் மாமனாரைத் திருத்தப் பார்த்தேன். ஒரே ஒரு நாள், விலையை மட்டும் சொல்லுங்கள் மாமா, ஊரைக் கேட்காதீர்கள் என்று கெஞ்சினேன். சரி என்றார். பாவம், முயற்சியும் செய்தார். போன் வந்தது. விலையைச் சொன்னார். அதற்கப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் தும்மலை அடக்குகிறவர் போல ஆகிவிட்டது. அந்தப் பக்கத்து ஆளுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது, பேச்சில்லாமல் எப்படி வாங்குவது என்று நினைத்தாரோ என்னவோ, "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று அவராகவே கேட்டார். மாமனாரின் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்ன சொல்ல. இரண்டரை நிமிடத்தில் அந்த ஆள் எங்களுக்குச் சகலை முறை ஆனார்.

மார்கழி பிறந்தபோது கொழுந்தனுக்கு ஒரு யோகம் அடித்தது. கறுப்புப் போனில் ஒருவர் இந்தியில் பேசினார். நாக்பூர்க்காரர், ஆறு லாரி வைத்திருக்கிறார். கொழுந்தன் அவர் பேசியதை மொழிபெயர்த்தபடி பெருமிதத்தில் எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்தான். நாக்பூர்க்காரனுக்கும் நமக்கும் எந்தக் குலதெய்வம் பொதுவாக இருக்கப்போகிறது? மாமனார் நிதானமாக, இந்தப் பக்கம் லோடு எங்கே எடுப்பார் என்று கேட்கச் சொன்னார். சங்ககிரியில்தான் என்று பதில் வந்தது. லாரிக்குச் சரக்கு பிடித்துத் தருகிற புக்கிங் ஆபீஸ் எது என்று கேட்கச் சொன்னார். பெயரைச் சொன்னார். அங்கே இருபது வருடமாக உட்கார்ந்து லோடு எழுதுகிறவர் மாமனாரின் சொந்த மச்சினன். "நம்ம மச்சினனுக்கு வேண்டியவருன்னா நமக்கு வேண்டியவருதானுங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, காலண்டர் பக்கம் பார்க்காமல் சரக்கை அனுப்பச் சொன்னார். கொழுந்தன் பேனாவைக் குப்பையில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். நான் ஆறுதல் சொல்லப் போகிற சாக்கில் போய்க் கொஞ்சம் சிரித்துவிட்டு வந்தேன்.

பொங்கலுக்கு ஆறு நாள் இருந்தது. காலண்டரில் இன்னும் ஒரு கோடும் இல்லை. கல்லூரியிலிருந்து கூப்பிட்டு, வருகிறீர்களா இல்லையா, முடிவாகச் சொல்லுங்கள் என்றார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். பீரோவிலிருந்து கல்லூரிக்குக் கட்டுகிற புடவைகளை எடுத்து வெளியே வைத்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. தோற்றது கூடப் பரவாயில்லை. இந்த மூன்று மாதத்தில் எனக்கு அந்தக் கடை பிடித்துப்போயிருந்தது. தார்ப்பாய் வாசனை, கொட்டகையில் கணவரின் மெஷின் சத்தம், ஓர் உப்பு லாரிக்காரருக்காக நான் ஒரு பக்கம் முழுக்க யோசித்து யோசித்து எழுதியது, எல்லாமே பிடித்திருந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டுத் திரும்பவும் ஆறேகால் பஸ்ஸில் ஏறி உட்கார வேண்டும் என்று நினைத்தபோது, நேராகச் சொன்னால், எனக்கு மாமனார் மேல் வெறுப்பாகவே இருந்தது.

அன்று மத்தியானம் கடையில் அமர்ந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன். சிவப்புப் போன் அடித்தது. மாமனாருக்குக் காது கொஞ்சம் மந்தம். எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். வேதாரண்யத்திலிருந்து பேசுவதாகச் சொன்னாள். இரண்டு லாரி வைத்து உப்பு ஏற்றுகிறாளாம். ஒட்டுப் போடுவது எப்படி என்று எங்கள் பக்கத்தைப் பார்த்து, பழைய தார்ப்பாய்க்கு நான்கு தடவை ஒட்டுப் போட்டிருக்கிறாள். இப்போது ஒட்டுவதற்கு அதில் துணியே இல்லை. இரண்டு புதுசு வேண்டும், பித்தளை வளையம் வைத்து. இதை எழுதுகிற அம்மாவிடம் கொடுங்கள் என்றாள்.

மாமனார் கொடுக்கவில்லை. பழக்கம் விடுமா? எந்த ஊர், எந்தப் பக்கம், பெண் எடுத்தது கொடுத்தது எங்கே என்று ஆரம்பித்தார். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். அம்மா ஊர் கோடியக்கரை. வீட்டுக்காரர் ஊர் தோப்புத்துறை. குலதெய்வம் கடற்கரையில். இந்தப் பக்கம் வந்ததே இல்லை, ஈரோட்டைக்கூடப் பார்த்ததில்லை. மாமனார் இந்தப் பக்கத்து மில் வேலைக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார், லாரி ஆபீஸைக் கேட்டார், நம் பக்கத்து ரிக் வண்டிப் பையன்கள் யாராவது அங்கே ஆழ்துளைக் கிணறு போட வந்திருக்கிறார்களா என்றுகூடக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. மூன்று நிமிடம் போய் ஏழு நிமிடம் ஆனது. நான் கயிற்றைக் கீழே வைத்துவிட்டேன். கொழுந்தன் வாசலிலிருந்து உள்ளே வந்து நின்றான். கொட்டகையில் மெஷின் சத்தமும் நின்றுபோனது.

விடாமல், பேச்சை இழுப்பதற்காகவோ என்னவோ, ஒட்டுத் துண்டை எப்படி வெட்டினீர்கள் என்று மாமனார் கேட்டார். வட்டமாக என்றாள். "அதுதானுங்க சரி. சதுரமா வெட்டுனா மூலையில பிஞ்சுக்கும். காயப்போடறதும் நெழல்லதான் போடோணும்" என்றார்.

"அட, அந்த அம்மா எழுதினது மாதிரியே சொல்றீங்களே. அவங்ககிட்ட கத்துக்கிட்டீங்களா?" என்றாள் அவள்.

கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டான். நாற்பது வருடம் தார்ப்பாய் விற்றவர் என் மாமனார். இன்றைக்கு எனக்கு வீட்டில் சோறு கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் விடவில்லை. வெகுளியாகத்தான் கேட்டாள். "ஆமா, என்னையே இவ்வளவு கேட்டீங்களே. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

அந்த மேஜையில் உட்கார்ந்து அவர் ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பார். அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இந்த வட்டாரத்தில் அவர் யார் என்று சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. நான்தான் போகிற இடமெல்லாம் அவர் மருமகள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார்.

"நான் அவங்க மாமனாருங்க" என்றார்.

"அப்படிங்களா? நான் கடையில வேலை பாக்குறவருன்னு நெனச்சுட்டேன். அவங்ககிட்ட குடுங்க."

கொடுத்தார். நான் பேசினேன். என்ன பேசினேன் என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. அளவு கேட்டேன், பித்தளை வளையம் வரவழைக்க நான்கு நாள் ஆகும் என்றேன், அவள் சரி என்றாள். போனை வைத்தபோது காலண்டரில் யார் கோடு போடுவது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவர் கையிலும் பேனா இல்லை. கொழுந்தனுடையது நாக்பூர்க்காரர் கூப்பிட்ட அன்றைக்கே குப்பைக்குப் போயிருந்தது.

மாமனார் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "எம்புட்டோ தேடிப் பாத்தேன் சாமி. எனக்கு ஒண்ணுமே ஆகல. உனக்குத்தான் ஆகறாங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மேல் இருந்த வெறுப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு, பொங்கல் கழித்து வரமாட்டேன் என்று நாளைக்குக் கல்லூரிக்குச் சொல்லிவிடட்டுமா மாமா என்று கேட்டேன்.

"இப்பவே சொல்லீரு. அவங்க வேற ஆளுப் பாக்கோணுமல்ல" என்றார்.